ஆறு வருடமாக யூடிகோலன்

குளித்துவிட்டுக் கழுத்தில் யூடிகோலனைத் தடவிக்கொண்டு முதன்முதலாகக் கூடத்துக்கு வந்த அன்று, அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சுடவில்லையே?" என்றார். அவர் தலைமுறைக்கு அது காய்ச்சலின் வாசனை. கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நெற்றியில் போடுவார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவதால் சில்லென்று இருக்கும். காய்ச்சல் போயிற்றோ இல்லையோ, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஆறுதலாவது கிடைத்தது.

நான் அதைக் காய்ச்சலுக்காக வாங்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குவதற்குள், காலையில் குளித்ததற்கான தடயமே இல்லாமல் போய்விடுகிறது என்பதற்காக 2019இல் வாங்கினேன். முதல் இரண்டு வருடம் முழுக்கத் தப்பாகவே பயன்படுத்தினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தப்புக்குக் காரணம் 'சென்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதுதான். யூடிகோலன் சேர்ந்த கொலோன் வகையில் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 5 சதவீதம் வரைதான். மற்றதில் பெரும்பகுதி ஆல்கஹாலும் தண்ணீரும். ஓ டி பர்ஃபம் என்று எழுதியிருக்கும் பாட்டிலில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பெட்டியில் நிற்கின்றன. நான் சட்டைமேல் இரண்டு முறை அடித்துக்கொண்டு, மாலை வரை மணக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம். அந்தக் கோபத்தில் அடர்த்தியான ஒன்றை வாங்கி, இரண்டு முறை போதாது என்று எட்டு முறை அடித்துக்கொண்டு அலுவலகம் போனேன். லிஃப்டில் கூட வந்த சக ஊழியர் இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார். அவருடைய இருக்கை நான்காவது மாடியில். அதுவும் எனக்கு அன்று உறைக்கவில்லை. ஒரு வாசனையோடு கொஞ்ச நேரம் இருந்தால் நம் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். வீட்டில் மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது: "நீங்கள் போய் அரை மணி நேரம் ஆன பிறகும் நீங்கள் இங்கேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள்."

அடர்த்தியானதைத் தொட்டுக்கொள்ள வேண்டும். கொலோனை அள்ளிப் பூச வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

யூடிகோலன் உருவான கதையைப் படித்தபோது இன்னும் தெளிவானது. யோஹான் மரியா ஃபரீனா என்ற இத்தாலியர் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி உருவாக்கியது இந்த வாசனை. அங்கே ஃபரீனா நிறுவனம் 1709இல் தொடங்கியது. யூடிகோலன் என்ற பெயருக்குப் பொருளே 'கொலோன் நகரத் தண்ணீர்' என்பதுதான். பர்கமாட் என்ற எலுமிச்சை இனத்துப் பழம், எலுமிச்சை, ஆரஞ்சு என்று தோல் சீவினாலே மூக்கில் ஏறும் பழங்களின் எண்ணெய்தான் அடிப்படை. பிற்பாடு வந்த இன்னொரு யூடிகோலனின் 4711 என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அது க்ளோக்கன்காஸே தெருவில் ஒரு வீட்டின் எண், 1790களில் நகர வீடுகளுக்கு எண் போட்டபோது கிடைத்தது. நெப்போலியன் இந்தத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகத் தீர்த்தவர். சொட்டுச் சொட்டாக எண்ணிப் போட்டுக்கொண்டவர் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். குளித்துத் துவட்டிய பிறகு, தோலில் ஈரம் இலேசாக இருக்கும்போதே, ஸ்ப்ரே இல்லாத பெரிய பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கைக் குழியில் அரை டீஸ்பூன் அளவு ஊற்றுகிறேன். விரலிடுக்கில் வழிந்து வீணாவதற்குள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடரியில் ஒற்றுகிறேன், பிறகு தோள்பட்டை, நெஞ்சு, கடைசியாக முழங்கை மடிப்பு. ஆல்கஹால் நெடி முதலில் குப்பென்று வரும். அப்போது முகர்ந்துபார்த்து முகம் சுளிக்கக் கூடாது. பதினைந்து எண்ணுவதற்குள் நெடி அடங்கி, எலுமிச்சம்பழத் தோலைச் சீவிய வாசனை எழும். அது காய்ந்த பிறகுதான் சட்டை. உடம்புச் சூட்டில் காலர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். சாமி விளக்கேற்றுவது உங்கள் வேலையென்றால் அதையும் நன்றாகக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பூசியிருப்பது தீப்பிடிக்கும் சரக்கு.

மணிக்கட்டில் போட்டுத் தேய்த்தால் வாசனை மூலக்கூறுகள் 'நசுங்கிவிடும்' என்று பலரும் எழுதுகிறார்கள். மூலக்கூறு என்ன கொத்தமல்லியா நசுங்குவதற்கு? தேய்த்தால் சூடேறி, முதலில் பறக்க வேண்டிய பழ வாசனை இன்னும் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான். ஆனால் கொலோனில் அந்தப் பழ வாசனைதான் பாதிக்கு மேல் என்பதால், தேய்க்காமல் ஒற்றுவதே லாபம்.

அக்குளில் போட வேண்டாம். வியர்வை நாற்றத்தின் மேல் போட்டால் நாற்றம் போகாது, எலுமிச்சை வாசனையுள்ள நாற்றமாக மாறும். சவரம் செய்த உடனே முகத்தில் போட்டால் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும், போட்டிருக்கிறேன், வந்திருக்கிறது. வெயில் நேராகப் படும் இடத்திலும் நான் போடுவதில்லை. பர்கமாட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டு விழலாம். கழுத்தில் வழிந்த தடத்திலேயே பதக்கம் தொங்குவது போலக் கறை விழுவதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. இப்போது அந்தப் பொருளை நீக்கிய எண்ணெய் பரவலாகப் பயன்படுகிறது என்றாலும், பங்குனி வெயிலில் பைக் ஓட்டுகிறவர்கள் சட்டைக்குள் மறையும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எவ்வளவு நேரம் நிற்கும்? சென்னையில் எனக்கு முக்கால் மணி நேரம், குளிர்பதன அறையில் ஒன்றரை மணி நேரம். அதன் சுபாவமே அப்படித்தான். நான் கண்ட ஒரே உருப்படியான வழி பருத்திக் கைக்குட்டை. நாலாக மடித்து, உள்மடிப்பில் கொஞ்சம் விட்டு, மறுபடி மடித்துப் பையில் வைத்தால் மதியம் வரை இருக்கிறது. கிண்டி படிக்கட்டு ஏறி முகம் துடைக்கும்போது கிடைக்கும் அந்த ஒரு மூச்சுக்காகவே இந்தச் செலவை நான் மன்னித்துவிடுகிறேன். பட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கல்யாணத்தில் அங்கவஸ்திரத்தில் விட்டு, விழுந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

பாட்டிலைக் கெடுத்ததும் என் கைங்கரியம்தான். அழகாக இருக்கிறதென்று மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். மே முடிவதற்குள் நிறம் மஞ்சளாகி, எலுமிச்சை போய் வார்னிஷ் வாடை வந்துவிட்டது. பழ எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. இப்போது அட்டைப்பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளியலறையில் வைப்பதும் இல்லை.

குறை என்று சொன்னால் செலவுதான். தினம் அள்ளிப் பூசினால் 200 மில்லி பாட்டில் மூன்று மாதம்கூட வருவதில்லை. மாலை வரவேற்புக்கும் இது சரிப்படாது. மல்லிகையும் பன்னீரும் சந்தனமும் இருக்கும் மண்டபத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது. அங்கே அந்த அடர்த்தியான பாட்டில்தான், ஒரே ஒரு முறை, சட்டைக்கு உள்ளே. 2021இல் வாங்கிய அது இன்னும் பாதிகூடத் தீரவில்லை.

கொலோன் பாட்டிலில் கால்பங்கு மீதம் இருக்கிறது. நான் ஊற்றும் வேகத்தில் அது இந்த மாதம் தாங்க வேண்டும். ஆனால் அம்மா இப்போது இரவில் தலையணைக்கு என்று வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.