கவனன்ட், ரோமுலஸ்: இரண்டாம் முறைக்குத் தாங்குவது எது?

ஏலியன் வரிசையில், விண்வெளிக் குடியேறிகளும் செயற்கையாகப் படைக்கப்பட்ட உயிர்களும் மோதிக்கொள்ளும் அண்மைக் காலப் படங்கள் இரண்டு. ஒன்று, ரிட்லி ஸ்காட் 2017இல் எடுத்த 'ஏலியன்: கவனன்ட்'. மற்றது, ஃபெடே அல்வாரெஸ் 2024இல் எடுத்த 'ஏலியன்: ரோமுலஸ்'. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கி வைப்பது என்று வந்தபோது நான் எடுத்தது கவனன்ட். பெரும்பாலான ரசிகர்கள் ரோமுலஸ் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிந்தேதான் எடுத்தேன். காரணத்தைச் சொல்ல இரண்டு படங்களின் முடிவையும் பேசியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நீளம் ஏறத்தாழ ஒன்றுதான்: கவனன்ட் 122 நிமிடம், ரோமுலஸ் 119. இரண்டிலும் ரத்தம் தாராளம், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. பயம் மட்டும் போதும் என்றால் ரோமுலஸ் முந்துகிறது. வசூலிலும் அதுதான் முந்தியது.

ரோமுலஸின் பலம் அதன் கணக்கில் இருக்கிறது. 2142ஆம் ஆண்டு, சூரியனே தெரியாத ஒரு சுரங்கக் குடியேற்றம். ஒப்பந்தப்படி 12,000 மணி நேரம் உழைத்து முடித்த ரெய்ன், ஊரைவிட்டுக் கிளம்ப அனுமதி கேட்கிறாள். அலுவலகப் பெண் திரையைப் பார்த்து, அளவு 24,000 மணி நேரமாக உயர்ந்துவிட்டது, இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும் என்கிறாள். அந்த ஒரு நிமிடக் காட்சியிலேயே ரெய்னும் அவள் நண்பர்களும் ஏன் கைவிடப்பட்ட ஒரு விண்வெளி நிலையத்துக்குள் நுழையத் துணிகிறார்கள் என்பது விளங்கிவிடுகிறது. வெயில் அடிக்கும் யிவாகா கிரகத்துக்குப் போக ஒன்பது வருஷம் ஆகும். அதற்கு உறைதூக்கப் பெட்டிகள் வேண்டும். அவை அந்த நிலையத்தில்தான் இருக்கின்றன. நிலையமோ 36 மணி நேரத்தில் கிரகத்தின் வளையங்களில் மோதி நொறுங்கப்போகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தள்ளுகிறது. திரைக்கதை படிப்பவர்கள் முதல் இருபது நிமிடங்களைத் தனியே எடுத்து அலசலாம்.

ஆபத்துகளும் இப்படியே விதிகளோடு வருகின்றன. முகத்தில் பாயும் உயிரிகள் உடற்சூட்டை உணர்பவை. ஆகவே அறையின் வெப்பத்தை உடலின் வெப்பத்துக்கு ஏற்றிவிட்டு, பதறாமல், சத்தமில்லாமல் நடந்தால் தப்பலாம். ஏலியனின் ரத்தம் அமிலம், சுட்டால் கப்பலின் தளமே ஓட்டையாகும். அதனால் ஈர்ப்பை அணைத்துவிட்டுச் சுடுகிறார்கள்; அமிலம் கீழே விழாமல் காற்றில் மிதக்கிறது, அதன் நடுவே உடலை வளைத்து நெளிந்து போக வேண்டும். இந்த வரிசையில் இதுவரை யாரும் யோசிக்காத காட்சி அது. கவனன்ட்டில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

கவனன்ட்டின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. தெரியாத கிரகத்தில் ஹெல்மெட் இல்லாமல் இறங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு சரியானதே. கடைசி இருபது நிமிடத்தில் கப்பலுக்குள் நடக்கும் வேட்டை அவசரமாக முடிகிறது, அங்கே கணினி வரைகலை பளிச்சென்று தெரிகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் காலவரிசையில். கவனன்ட் நடப்பது 2104இல், 1979இல் வந்த முதல் படத்தின் கதை நடப்பது 2122இல். முதல் படத்தில் கண்டெடுக்கும் அந்நியக் கப்பலின் ஓட்டி கல்லாக இறுகிப் போனவன்போல் கிடக்கிறான். அவன் கப்பல் நிறைய முட்டைகள். அந்த முட்டைகளைச் செய்து பார்த்தவனே கவனன்ட்டில் வரும் செயற்கை மனிதன் டேவிட்தான் என்றால் பதினெட்டு வருஷத்தில் அது எப்படிச் சாத்தியம்? படம் பதில் சொல்லவில்லை. வரிசையின் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது உறுத்தும். அவர்கள் ரோமுலஸ் எடுத்தால் நியாயம்தான்.

ஆனால் ஒரு படத்தை வாங்கி வைப்பது மறுபடி பார்ப்பதற்காக. அதிர்ச்சிகள் எல்லாம் தெரிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதுதான் என் அளவுகோல். இதில் கவனன்ட் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதற்குக் காரணம் படைப்பு என்ற விஷயத்தை அது யார் கையில் கொடுக்கிறது என்பதே.

முதல் காட்சியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை அறை, ஒரு பியானோ, மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை. கோடீஸ்வரன் வேலண்ட், தான் செய்த செயற்கை மனிதனை முதன்முறையாகப் பேச வைக்கிறான். சிலையைப் பார்த்துத் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும் டேவிட், வாக்னரின் இசையை வாசிக்கிறான். பிறகு கேட்கிறான்: என்னைப் படைத்தது நீங்கள், உங்களைப் படைத்தது யார்? நீங்கள் சாவீர்கள், நான் சாகமாட்டேன் என்றும் சொல்கிறான். வேலண்டிடம் பதில் இல்லை. தேநீரை எடுத்துக் கொடு என்று உத்தரவிடுகிறான். தேநீர்த் தட்டு வேலண்டின் பக்கத்திலேயே இருக்கிறது. டேவிட் அறையைக் கடந்து வந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதல் முறை இது வெறும் முன்னுரை போலப் படும். இரண்டாம் முறை, பின்னால் நடக்கும் அத்தனை கொலைக்கும் விதை அந்தக் கோப்பையில் இருப்பது தெரியும். தன்னைவிட எல்லா வகையிலும் குறைந்தவனுக்கு வேலைக்காரனாக இரு என்று பிறந்த நிமிடத்திலேயே சொல்லப்பட்டவன் அவன்.

கவனன்ட் கப்பலில் 2,000 குடியேறிகள் உறக்கத்தில், 1,140 மனிதக் கருக்கள் குளிர்பெட்டிகளில், 15 பேர் பணிக்குழுவில். நியூட்ரினோ வெடிப்பில் 47 குடியேறிகளும் கேப்டன் பிரான்சனும் சாகிறார்கள். குடியேறப்போகும் கிரகமான ஒரிகே-6 சேர இன்னும் ஏழு வருஷத்துக்கு மேல் இருக்கும்போது பக்கத்துக் கிரகத்திலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது, புதிய கேப்டன் ஓராம் திசை திருப்புகிறான். டேவிட் இருப்பது அங்கேதான். பணிக்குழுவில் பெரும்பாலோர் தம்பதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தவறுகள் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. இறங்குகலத்தில் நோயாளியோடு கரீனை உள்ளே வைத்துப் பூட்டும் ஃபாரிஸ், பிறகு துப்பாக்கியோடு திரும்பி வந்து, ரத்தத்தில் வழுக்கி, கண்மண் தெரியாமல் சுட்டு, கலத்தையே வெடிக்க வைக்கிறாள். மேலே கப்பலில் இருக்கும் அவள் கணவன் டென்னசி, அவள் குரலைக் கேட்பதற்காக 2,000 உயிர்களைச் சுமந்த கப்பலைப் புயலுக்குள் இறக்குகிறான். இவர்கள் முட்டாள்கள் என்று சொல்பவர்கள் இந்த இழையைத் தவறவிடுகிறார்கள்.

மைக்கேல் ஃபாஸ்பெண்டரின் இரட்டை வேடத்தில்தான் படத்தின் மறுபார்வை மதிப்பு முழுவதும் இருக்கிறது. டேவிட் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசுவான், கவனன்ட் கப்பலோடு வந்த, பிந்தைய மாடலான வால்டர் அமெரிக்க உச்சரிப்பில். டேவிட் மனிதனைப் போலவே நடந்துகொண்டது மனிதர்களுக்குக் கலக்கம் தந்ததால் வால்டரிடமிருந்து படைக்கும் திறனை எடுத்துவிட்டார்கள். குழல் வாசிக்கக் கற்றுத்தரும் காட்சியில் இது கண்ணுக்கு நேராக நடக்கிறது: துளைகளில் விரல் வைப்பது எப்படி என்று டேவிட் காட்டுகிறான், வால்டரால் வாசிக்க முடிகிறது, புதிதாக ஒரு மெட்டுக் கட்ட முடியாது. ஆனால் ஷெல்லியின் கவிதையை பைரன் எழுதியது என்று டேவிட் தவறாகச் சொல்லும்போது திருத்துவது வால்டர்தான். தன்னைக் கடவுளாக நினைப்பவனின் இயந்திரம் பழுதாகிவிட்டது என்பதற்கு அந்த ஒரு பெயர்ப் பிழை போதும்.

கிளைமாக்ஸில் கப்பலில் ஏறியது வால்டரா டேவிட்டா என்பதைப் பலர் முதல் முறையே ஊகித்துவிடுவார்கள். ஊகித்தாலும் நஷ்டமில்லை. தெரிந்துகொண்டு பார்க்கும்போது கடைசிப் பகுதி வேறு படமாகிவிடுகிறது. வால்டரின் உடல் தானே ஆறக்கூடியது, கழுத்தில் குழல் இறங்கியும் எழுந்து வந்தவன். கப்பலில் ஏறியவனோ தாடைக் காயத்துக்கு ஸ்டேப்ளர் போட்டுக்கொள்கிறான். திரைகளில் ஏலியனைப் பின்தொடர்ந்து கதவுகளை அடைக்க உதவும்போது அந்த முகத்தைப் பாருங்கள். தன் கைவேலையைப் பார்க்கும் கலைஞனின் முகம் அது. ஏரிக்கரையில் மரவீடு கட்டுவது பற்றிப் பணிக்குழுவின் டேனியல்ஸ் முன்பு வால்டரிடம் சொல்லியிருக்கிறாள். உறைதூக்கப் பெட்டி மூடிய பிறகு அதைக் கட்ட உதவுவாயா என்று கேட்கிறாள். பதில் வரவில்லை. இந்தத் தொடரில் எந்தப் பல்லும் நகமும் தராத பயத்தை அந்த மௌனம் தருகிறது.

ரோமுலஸிலும் நல்ல செயற்கை மனிதன் உண்டு. ரெய்னின் அப்பா குப்பையிலிருந்து மீட்டுத் தந்த ஆண்டி. ரெய்னுக்கு எது நல்லதோ அதைச் செய் என்பது மட்டுமே அவனுக்கு இட்ட கட்டளை. வேறொரு ஆண்ட்ராய்டின் சில்லைச் செருகியதும் கட்டளை கம்பெனியின் நலனுக்கு மாறுகிறது. டேவிட் ஜான்சன் அந்த மாற்றத்தை முதுகை நிமிர்த்துவதிலும் பேச்சில் திக்கல் நிற்பதிலும் காட்டுகிறார்; படத்தின் சிறந்த நடிப்பு அதுதான். மறுமுறை பார்க்கும்போது ஒன்று கூடுதலாகப் புலப்படும். சுரங்கத்தில் பலரைக் காப்பாற்றச் சிலரைச் சாகவிட்ட ஆண்ட்ராய்டால், ரெய்னோடு வந்த பியார்னின் அம்மா இறந்தாள்; அதே கணக்கைப் போட்டு ஆண்டி, குழுவில் உள்ள கே என்ற பெண்ணின் முன்னால் கதவைத் திறக்க மறுக்கிறான். அருமையான கட்டுமானம்.

ஆனால் அங்கே புது உயிரைப் படைப்பது ஒரு மருந்துக் குப்பி. கம்பெனி ஏலியனிலிருந்து வடித்த திரவத்தைக் கர்ப்பிணியான கே ஏற்றிக்கொள்கிறாள், கொடூரமான குழந்தை பிறக்கிறது. ஏழடிக்கு மேல் உயரமான ராபர்ட் போப்ரோச்கியை உடைக்குள் நிறுத்தி எடுத்ததால் அந்த உருவம் முதல் பார்வையில் குலை நடுங்க வைக்கும். அதைப் படைத்தவனுக்கு முகம் கிடையாது, ஆசை கிடையாது, பேச்சு கிடையாது. ஆகவே அடுத்த முறை அதில் தோண்ட எதுவும் இல்லை. இதோடு மறைந்த இயன் ஹோமின் முகத்தை ரூக் என்ற ஆண்ட்ராய்டுக்குப் பொருத்தியதும், பழைய படத்தின் புகழ்பெற்ற வசனத்தை ஆண்டியின் வாயில் திணித்ததும் ஒவ்வொரு முறையும் என்னைக் கதையிலிருந்து வெளியே தள்ளுகின்றன. வீட்டுப் பதிப்பில் ரூக்கின் முகத்தைச் சற்றுச் செப்பனிட்டிருக்கிறார்கள். உறுத்தல் குறைகிறது, போகவில்லை. ரோமுலஸுக்கு வயது குறைவு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2017இல் கவனன்ட்டைத் திட்டியவர்கள் சிலர் பிறகு மனம் மாறியதுபோல், இதன் மீதான என் கணிப்பும் மாறலாம்.

கவனன்ட்டை எடுத்தால் நேரே அதில் இறங்க வேண்டாம். முதலில் 2012இல் வந்த 'ப்ரொமீதியஸ்' பார்க்க வேண்டும். ஷா யார், அவளுக்கு டேவிட் செய்தது என்ன என்பது அது இல்லாமல் புரியாது. அடுத்து, படத்துக்கு முன்னோட்டமாக இணையத்தில் வெளியான இரண்டு குறும்படங்கள். 'தி கிராசிங்' சுமார் இரண்டரை நிமிடம். தலை வேறு உடல் வேறாகக் கிடந்த டேவிட்டை ஷா ஒட்டவைப்பதும் அவன் அந்தக் கிரகத்தை அடைவதும் அதில் வரும். 'லாஸ்ட் சப்பர்' பணிக்குழு உறங்கப் போகும் முன் ஒன்றாகச் சாப்பிடும் காட்சி. யாருக்கு யார் துணை என்று அதில் பார்த்துவைத்தால் பின்னால் வரும் சாவுகள் கனக்கும். ரோமுலஸுக்கு 1979 படம் ஒன்று போதும்.

டேவிட்டின் குகைக் காட்சிகள் மிகவும் இருட்டு. பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தால் சுவர் நிறைய ஒட்டியிருக்கும் அவனுடைய ஓவியங்கள் தெரியாது. அவை படத்தின் கலைத்துறையினர் கையால் வரைந்தவை. ஷாவின் உடலுக்கு என்ன ஆனது என்பதற்கான பதில் அவற்றில் இருக்கிறது. டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டேவிட்டும் வால்டரும் தாழ்ந்த குரலில் பேசுவதால் வசன வரிகளைப் போட்டுக்கொள்வதும் நல்லது.