சைமன் சொல்வதா, சுவரைத் தொடுவதா?

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்க நான் மாறிமாறி எடுக்கும் ஆட்டங்கள் இரண்டு.

‘சைமன் சேஸ்’ ஆட, எந்தப் பொருளும் வேண்டாம். ‘சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்’ என்றால் கை மூக்குக்குப் போகணும். வெறும் ‘டச் யுவர் நோஸ்’ என்றால் அசையக் கூடாது. உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் முன்வைத்த, உடலசைவோடு மொழி பழக்கும் டி.பி.ஆர். முறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஆட்டம். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையும் கலந்துகொள்ளலாம்; வினைச்சொற்கள் தானாகக் காதில் ஏறும். இதில் எனக்குப் பிடிக்காதது, தவறினால் ‘அவுட்’ என்ற விதி. அதிகம் பழக வேண்டிய பிள்ளைதானே முதலில் போய் உட்காருகிறது! அந்த விதியையே தூக்கிவிட்டேன்.

மற்றது, நான் சொல்லும் சொல்லுக்குரிய பட அட்டையைச் சுவரில் தேடி ஓடித் தொடுவது. பெயர்ச்சொற்களுக்கு நல்லது. ஆனால் இடம் வேண்டும், கூச்சலையும் பொறுக்க வேண்டும். ஒருவர் ஓடினால் எல்லோரும் பின்னால் ஓடுவார்கள். யாருக்குச் சொல் புரிந்தது என்றே தெரியாது. இருவர் இருவராக விட்டால் தெரியும்.

முதல் சில வாரங்களுக்கு சைமன்தான். பேச்சு வரத் தொடங்கியதும், கட்டளையிடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவேன்.