முதல் புத்தகம் போடப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கம்புணரிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக 29 வருஷம் வேலை பார்த்து, 2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஆடு மாடுகளை விட அவற்றைக் கூட்டிக்கொண்டு வந்த மனுஷர்களின் பேச்சுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்வேன். "ஏங்க, இதையெல்லாம் எழுதி வைங்களேன், மறந்துரப் போறீங்க" என்பாள் என் மனைவி. ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம் உட்கார்ந்து 41 கட்டுரைகள் எழுதினேன். எல்லாம் சிரிப்புக் கட்டுரைகள். எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தது. ஒரு வரியை எங்கே நிறுத்துவது, பதில் எந்தச் சொல்லில் போய் முடிய வேண்டும் என்பதற்கே சில நாள் ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது.

அந்தப் புத்தகத்தை அச்சிட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் 49,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், வழக்கு நடக்கிறது. பெயரை விட அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும். இதே மாதிரி விளம்பரம் இன்றைக்கும் ஃபேஸ்புக்கில் தினமும் வருகிறது.

2023 ஆகஸ்டில் விளம்பரத்தைப் பார்த்து எண்ணைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. பேசிய பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "ஐயா, உங்க எழுத்துல ஒரு மண்வாசனை இருக்கு, இது கண்டிப்பா வெளிய வரணும்" என்றார். அதற்குள் நான் ஒரு பக்கம்கூட அனுப்பியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

திட்டத்துக்கு 42,000 ரூபாய். மொழித் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, 300 பிரதி, மின்னூல், சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, 100 சதவீத ராயல்டி (விற்பனையில் எழுதியவருக்குச் சேரும் பங்கு), அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பம், சென்னை கன்னிமாரா நூலகத்தில் இடம். இப்படி ஒரு நீளப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். முன்பணம் 20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். போன இடம் நிறுவனத்தின் கணக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த கணக்கு. கேட்டதற்கு, "எங்க அக்கவுண்டன்ட் பேருதான் ஐயா" என்றார். ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் போடவில்லை.

நவம்பரில், லேஅவுட் முடிந்துவிட்டது, 12,000 கட்டுங்கள் என்றார்கள். "பக்கத்தைக் கண்ணால பாக்கணுமேம்மா" என்றேன். "பிடிஎஃப் குடுத்தா பைரசி ஆயிடும் சார், கம்பெனி பாலிசி" என்றார். ஐயா என்ற சொல் எப்போது சாராக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. அட்டைப் படத்தை மட்டும் அனுப்பினார்கள். அட்டை அழகாக இருந்தது, நம்பிக் கட்டினேன். டிசம்பரில் மீதி 10,000 ரூபாயையும் கட்டினேன்.

டிசம்பர் 28ஆம் தேதி பார்சல் லாரியில் 100 புத்தகம் வந்தது. பாக்கி 200 நேராகப் புத்தகக் காட்சிக்குப் போகிறது என்றார்கள். மனைவிதான் கட்டைப் பிரித்தாள். மஞ்சள் குங்குமம் தயாராக எடுத்து வைத்திருந்தாள். நான் 37ஆம் பக்கத்தைத் தேடிப் பிரித்தேன். அந்தக் கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. ஒரு ஆத்தா, மெலிந்துபோன ஒரு வெள்ளாட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். நான் எழுதியது இது:

"ஆடு எத்தனை நாளா திங்கலை ஆத்தா?"

"அது நல்லாத்தேன் திங்குது. நாந்தேன் மூணு நாளா திங்கலை. அதுக்குப் போடுற ஊசில எனக்கும் ஒண்ணப் போட்டுவிடு தம்பி."

அச்சில் இருந்தது இது: "அது நன்றாகத் தேன் தின்கிறது. நான் தேன் மூன்று நாட்களாகத் தின்னவில்லை."

எங்கள் பக்கம் 'தான்' என்பதைத் 'தேன்' என்போம். அந்த நிறுவனம் அதைப் பூவில் எடுக்கும் தேனாக்கி அச்சடித்து அனுப்பியிருக்கிறது. அந்த ஆத்தா உண்மையில் இருந்தவர். மூன்று நாள் பட்டினி கிடந்தவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். புத்தகம் முழுக்க வட்டார வழக்கு வரும் இடத்தில் எல்லாம் இதே கதிதான். இந்த மொழித் திருத்தத்தை யார் செய்திருந்தாலும், படித்துச் செய்யவில்லை. பணம் போனதை நான் இப்போது ஓரளவு மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

எழுத்துருவிலும் கோளாறு. நான் யூனிகோடில், அதாவது செல்போனிலும் இணையத்திலும் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் முறையில், தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். அவர்கள் அதை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் நான் எழுதியிருந்த மருந்துப் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக நின்றன. யூனிகோடிலேயே விட்டிருந்த சில பக்கங்களில் வேறு சிக்கல். 'கொடு' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல், தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகக்காரரிடம் காட்டினேன். "பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன்ல தமிழுக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு சார். அதை மாத்தாம ஓட்டுனா இப்படித்தேன் வரும். ஒரு தடவை திரையில பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்" என்றார். புத்தகத்தை நடுவில் விரித்தார். பசை விட்டு நாலு பக்கம் கையோடு வந்துவிட்டது. தகடு போட்டு அடிக்கும் ஆஃப்செட் அச்சு என்று சொல்லி என்னிடம் பணம் வாங்கினார்கள். இது டிஜிட்டல் அச்சு, மொத்தமே 100 பிரதிதான் அடித்திருப்பார்கள் என்று அவர் சொன்னார். இதே 168 பக்கம், டெம்மி அளவு, நல்ல தாளில், 200 பிரதிக்கு அவர் கேட்ட விலை 18,000 ரூபாய்.

தனியாக வாங்கிய கட்டணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் விழுவது அங்கேதான்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்ணுக்கு 3,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் தேசிய முகமைதான் கொடுக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தன் நூலைத் தானே வெளியிடும் ஆசிரியரும் வாங்கலாம். எனக்கு வந்த எண்ணை என் அண்ணன் மகன் இணையத்தில் தேடினான். அதே நிறுவனம் போட்ட ஒரு கவிதைத் தொகுப்பிலும் அதே எண் இருந்தது. ஒரு பதிப்புக்கு ஒரு எண் என்பதுதான் அந்த முறையின் அடிப்படையே. ஒரே எண்ணை இரண்டு புத்தகத்தில் போட்டால் கடைக்காரரும் நூலகமும் எந்தப் புத்தகம் எது என்று பிரிக்க முடியாது.

பதிப்புரிமைப் பதிவு என்று 4,500 ரூபாய். 1957ஆம் வருஷச் சட்டப்படி, எழுதி முடித்த அந்தக் கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. சாட்சியத்துக்கு உதவும் என்று பதிவு செய்ய விரும்பினாலும், இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். எனக்கு வந்த சான்றிதழில் அரசு முத்திரையே இல்லை. அந்த நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான் இருந்தது. அதைவிடக் கொடுமை, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'உரிமை: பதிப்பகத்தாருக்கு' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிவகங்கை வக்கீல்தான் தைரியம் சொன்னார். எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய உரிமை கைமாறாது என்பது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. நான் எதிலும் கையெழுத்துப் போடாதது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. ஆனால் ஒப்பந்தம் என்று பத்துப் பக்கம் நீட்டிக் கையெழுத்து வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே உரிமை யாருக்கு, எத்தனை வருஷம், எந்த எல்லைக்குள் என்ற வரிகளை ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கன்னிமாராவில் இடம் என்றார்களே, அதுவும் தனிச் சலுகை இல்லை. புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் அங்கே ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் வருஷச் சட்டம். செய்தே ஆக வேண்டிய கடமையைப் பரிசு மாதிரி சொல்லி விற்கிறார்கள். மின்னூலை அவர்கள் கணக்கில் ஏற்றியதால் விற்ற காசும் அவர்களுக்கே போகிறது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நாமே கணக்குத் திறந்து இலவசமாக ஏற்றலாம். இதை என் பேத்தி அரை மணி நேரத்தில் செய்து காட்டினாள்.

ஜனவரி 2024இல், நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சியில் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். காரைக்குடி போய்ப் பல்லவனில் ஏறினோம். அவர்கள் கொடுத்த அரங்கு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த அரங்கு வேறொரு பதிப்பகத்துடையது. வரிசை வரிசையாகப் பார்த்தேன், இல்லை. கல்லாவில் இருந்த பையனிடம் அட்டையைக் காட்டிக் கேட்டேன். "அவங்க அஞ்சு காப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாங்க ஐயா, நாங்க முடியாதுன்னுட்டோம்" என்றான். அந்தப் பையன் மேல் குற்றமில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அங்கிருந்தே ஏழு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வாங்க, காபி குடிப்போம்" என்றாள். ரயிலில் திரும்பி வரும்போது அந்தச் சீட்டை அவள்தான் வாங்கிப் பத்திரப்படுத்தினாள். இப்போது அது வழக்குக் கட்டில் இருக்கிறது.

அந்த 200 பிரதி இன்றுவரை வரவில்லை. மார்ச்சில் அவர்களிடமிருந்தே ஒரு போன் வந்தது. வேறு குரல். எனக்குச் சிறந்த அறிமுக நகைச்சுவை எழுத்தாளர் விருது கிடைத்திருக்கிறதாம், கேடயத்துக்கும் மேடைக்கும் 5,500 கட்ட வேண்டுமாம். பணம் கட்டி வாங்கும் விருது விருதே இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். இதிலும் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

வக்கீல் நோட்டீஸ் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய பணம் பற்றிய புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2019ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், நான் ஆறு மாதம் அப்படித்தான் கடத்தினேன். எதிர்த்தரப்பு, இவர் விற்பதற்காகப் புத்தகம் போட்டவர், வியாபார நோக்கம், ஆகவே நுகர்வோர் இல்லை என்று வாதாடுகிறது. உங்களிடமும் இதையே சொல்வார்கள், முன்கூட்டியே வக்கீலிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு, அந்தத் திட்டப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். செல்போனை மாற்றும்போது போய்விடும், காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடைசிப் பக்கம் வரை பிடிஎஃப் கைக்கு வந்து, ஒவ்வொரு வரியும் நீங்கள் எழுதியபடி இருக்கிறது என்று பார்க்காமல் அச்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். சிரிப்பு எழுதுகிறவர்கள் பேச்சு வழக்கு உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிடிஎஃப் தரமாட்டேன் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வந்த 100 பிரதியை எடைக்குப் போடச் சொன்னார்கள். மனசு வரவில்லை. ஆத்தாவின் பேரன் இப்போது எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அப்பத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து கேட்டார். அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒரு பிரதியை எடுத்து 37ஆம் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் கறுப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் என் கையெழுத்தில் சரியாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று படித்தார். "இது அப்பத்தா பேச்சேதேன்" என்றார். அன்று ராத்திரியே மீதி 99 பிரதியையும் எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். இதுவரை 62 முடிந்திருக்கிறது.