ஹெல்த் பாலிசி பிரீமியம் ஏறும்போது எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவருபவை

வாங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த ஹெல்த் பாலிசியும் நல்ல பாலிசியாகத்தான் தெரியும். ஏழெட்டு ஆண்டுகள் விடாமல் கட்டியவர்களுக்குத்தான் அதன் குணம் பிடிபடும். ஒரு வருடம் புதுப்பித்தல் நோட்டீஸில் தொகை ஒரேயடியாக எகிறியிருக்கும். ஏஜென்ட் "வேற கம்பெனிக்கு மாறிடலாம் சார்" என்பார். வீட்டில் "இந்த வருஷம் விட்டுட்டா என்ன?" என்ற பேச்சு வரும். விடவும் வேண்டாம், அவசரப்பட்டு மாறவும் வேண்டாம். பிரீமியத்தைக் குறைக்க வழிகள் உண்டு; ஆனால் பாலிசியில் ஏற்கெனவே ஓடி முடிந்த காத்திருப்புக் காலத்தை (சில நோய்களுக்குப் பணம் தராத தொடக்கக் காலம்) இழக்காத வழியாக அது இருக்க வேண்டும்.

முதலில் ஏறியது ஏன் என்று பாருங்கள். போன வருட பாலிசி ஷெட்யூலையும் இந்த வருட நோட்டீஸையும் பக்கத்தில் வைத்து, அடிப்படை பிரீமியம், தள்ளுபடி, ரைடர் (கூடுதல் விலைக்குச் சேர்க்கும் தனிப் பலன்), வரி என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும். வயது அடுத்த படிக்குப் போயிருக்கலாம். 45இலிருந்து 46, 60இலிருந்து 61 என்று தாண்டும்போது பல திட்டங்களில் பெரிய தாவல் இருக்கும். அந்தத் திட்டத்தின் விலையையே நிறுவனம் எல்லோருக்கும் கூட்டியிருக்கலாம். கேட்காத ரைடர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. வரியிலும் ஒரு கண் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கும், குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிரும் ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 18 சதவீத வரி சேர்த்து 29,500 கட்டினீர்கள். வரி போன பிறகும் அதே 29,500 கேட்கிறார்கள் என்றால், மொத்தம் மாறவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள்; அடிப்படை பிரீமியம் 18 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நீங்கள் க்ளெய்ம் எடுத்தீர்கள் என்பதற்காக உங்களுக்கு மட்டும் பிரீமியத்தைக் கூட்டவோ புதுப்பிக்க மறுக்கவோ நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உத்தரவு வந்தது. நோட்டீஸில் அதற்கு மேல் இருந்தால், காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்டால் கிடைக்கும் பதில் நாளைக்கு எதற்கும் உதவாது.

பாலிசியை விடக்கூடாது என்பதற்கான காரணம் காத்திருப்புக் கணக்கு. புது பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர வேறு எதற்கும் பணம் வராது. கண்புரை, ஹெர்னியா, மூலம், சிறுநீரகக் கல், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதம். சுகர், பி.பி. போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதம் வரை. 2024க்கு முன்பு இது 48 மாதமாக இருந்தது. இதையெல்லாம்விடப் பெரியது 60 மாத மொரட்டோரியம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கட்டிவிட்டால், "இந்த நோயை நீங்கள் மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்லி க்ளெய்மைத் தள்ள முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் உண்டு. ஒரு வருடம் விட்டுவிட்டு 52 வயதில் புதிதாக வாங்குபவர் இந்த எல்லாக் கணக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார், அதுவும் கூடுதல் விலையில். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறுபடாது. ஆனால் கட்டாத அந்த இடைவெளி நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் வராது.

குறைக்கக்கூடிய இடங்கள்

பெற்றோரையும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டரில் வைத்திருந்தால், கையை முதலில் வைக்க வேண்டிய இடம் அதுதான். ஃப்ளோட்டரின் விலை பெரும்பாலும் அதில் மூத்தவரின் வயதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. 68 வயது அப்பா இருக்கும் பாலிசியில் உங்கள் பங்குக்கும் அவர் வயதின் சுமை ஏறுகிறது. பெற்றோருக்குத் தனி பாலிசி, நீங்களும் மனைவியும் பிள்ளைகளும் தனி ஃப்ளோட்டர் என்று பிரிப்பதே சரி. அதே நிறுவனத்துக்குள் பிரிக்கும்போது ஒவ்வொருவரின் பழைய காத்திருப்புக் காலமும் தொடரும் என்பதைப் புது ஷெட்யூலில் எழுத்தாகப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது சூப்பர் டாப்-அப், அதாவது ஆண்டின் மொத்தச் செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகு பணம் தரும் கூடுதல் பாலிசி. பிரீமியம் ஏறும் காலத்தில் இதற்கு இணையான வழி வேறு இல்லை. 25 லட்சத்துக்கு ஒரே பாலிசி வைத்திருப்பதைவிட, 5 லட்சம் அடிப்படை பாலிசியும் 5 லட்சம் டிடக்டிபிள் (பாலிசி பணம் தரத் தொடங்கும் முன் வேறு வழியில் கட்ட வேண்டிய தொகை) கொண்ட 20 லட்சம் சூப்பர் டாப்-அப்பும் பெரும்பாலும் நன்றாகவே மலிவாக முடியும். டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. ஒரே ஆண்டில் முதலில் 4 லட்சம், பிறகு 3 லட்சம் என்று இரண்டு பில் வருகிறது என்று வையுங்கள். அடிப்படை பாலிசி 5 லட்சத்தோடு தீர்ந்துவிடும். சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக 5 லட்சத்தோடு ஒப்பிடும்; இரண்டுமே அதற்குக் கீழே என்பதால் ஒரு ரூபாய்கூட வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தம் 7 லட்சம் என்று எடுத்துக்கொண்டு மீதி 2 லட்சத்தைத் தரும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. இரண்டு பாலிசிகளின் தொடக்கத் தேதியும் வேறுவேறாக இருந்தால், அடிப்படை பாலிசியின் ஒரே ஆண்டில் வந்த செலவுகள் சூப்பர் டாப்-அப்பின் இரண்டு ஆண்டுகளில் சிதறி, எதிலும் டிடக்டிபிளைத் தாண்டாமல் போகும். தேதிகளை ஒன்றாக்கிவிடுங்கள். அடுத்து, சூப்பர் டாப்-அப்புக்கும் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. இப்போது 15 லட்சம் அடிப்படை பாலிசி இருக்கிறது, அதை 5 லட்சமாக இறக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் சூப்பர் டாப்-அப்பை வாங்குங்கள், அதன் காத்திருப்பு முடியும்வரை பெரிய பாலிசியையும் சேர்த்தே நடத்துங்கள், பிறகு இறக்குங்கள். சுகர் இருப்பவருக்கு இந்த வரிசை மிக முக்கியம். ஒருமுறை இறக்கிய தொகையை மறுபடி ஏற்றினால், ஏற்றிய பகுதிக்குப் புதிதாக மருத்துவக் கேள்வியும் காத்திருப்பும் வரும்.

பிரீமியத்தைக் குறைக்க கோ-பே எடுக்கச் சொல்வார்கள். டிடக்டிபிளையும் காட்டுவார்கள். டிடக்டிபிள்தான் நல்லது. 20 சதவீத கோ-பே என்றால் 1 லட்ச ரூபாய் பில்லில் உங்கள் பங்கு 20,000. 6 லட்ச ரூபாய் பில்லில் 1,20,000. நோய் பெரிதாகப் பெரிதாகச் சுமையும் ஏறும். ஆண்டுக்கு 50,000 டிடக்டிபிள் என்றால் பில் எவ்வளவு ஆனாலும் உங்கள் பங்கு 50,000தான். அதை வங்கியில் தனியாக எடுத்துவைத்துவிடலாம். வயது முதிர்ந்து வாங்கும் சில திட்டங்களில் கோ-பே கட்டாயமாகவே இருக்கும், அங்கே வேறு வழியில்லை.

ரைடர்களில் அதிக யோசனை வேண்டாம். குடும்பம் பூர்த்தியான பிறகும் மகப்பேறு கவரேஜுக்குப் பணம் கட்டுகிறவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறார்கள், அதை நீக்குங்கள். ஏர் ஆம்புலன்ஸ், வெளிநாட்டுச் சிகிச்சை, ஓபிடி (புறநோயாளி) கூப்பன் இவையும் போகலாம். கையுறை, முகக்கவசம் போன்ற பணம் தரப்படாத பொருட்களுக்கான கன்ஸ்யூமபிள் ரைடர் மட்டும் விலை சிறியதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் 68 பொருட்கள் இருக்கின்றன, பில்லில் அவை சேர்ந்து நிற்கும்போது தொகை சிறியதல்ல.

அறை வாடகை

விலை குறைந்த பாலிசியைத் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. நோயாளி 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார். "மேலே உள்ள 3,000ஐ நாம் கட்டிக்கொள்வோம், 12,000தானே" என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி ஓடாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றுக்கும் 5/8 பங்குதான் தருவார்கள். அவை 1,20,000 என்றால் 75,000 வரும், 45,000 உங்கள் தலையில். அறை வித்தியாசத்தோடு சேர்த்து 57,000. மருந்து, பரிசோதனை, இம்ப்ளாண்ட், ஐசியூ கட்டணங்களில் இந்த விகித வெட்டு கூடாது என்பது விதி. டிஸ்சார்ஜ் அன்று அவற்றிலும் வெட்டியிருந்தால் அங்கேயே கேளுங்கள். அறைத் தரத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியிலும் இந்த வெட்டு செல்லாது.

அறை வரம்பு உள்ள திட்டத்துக்கு இறங்கி ஆண்டுக்குச் சில ஆயிரம் மிச்சப்படுத்துவதைவிட, வரம்பில்லாத திட்டத்தில் டிடக்டிபிள் சேர்ப்பது மேல். "சிங்கிள் பிரைவேட் ஏ.சி. அறை" என்று வரம்பு எழுதியிருந்தால் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

பட்ஜெட் மிகவும் இறுக்கமாக இருந்தால் ஆரோக்ய சஞ்சீவனி இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பொதுத் திட்டம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே, விலை மட்டும் மாறும். எனவே விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். 5 சதவீத கோ-பே உண்டு. அறைக்கு நாளுக்கு அதிகபட்சம் 5,000, ஐசியூவுக்கு 10,000, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. மதுரை, திருச்சியின் நடுத்தர ஆஸ்பத்திரிகளுக்கு இது ஒத்துவரும். சென்னையின் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளுக்குப் போதாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால், தனியார் பிரீமியத்தைப் பற்றி யோசிக்கும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்கிவிடுங்கள்.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் அதே நிறுவனத்தின் வேறு திட்டத்துக்கு மைக்ரேஷன் கேளுங்கள். அதில் ஒத்துவராவிட்டால் போர்ட்டபிலிட்டி, அதாவது தொடர்ச்சியை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறுவது. புதுப்பிக்கும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து 45 நாளுக்கு முன்புவரைதான் விண்ணப்பிக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கைக்கு வரும்போது இந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால் மூன்று மாதம் முன்பே விலை விசாரிக்கத் தொடங்க வேண்டும். தொடர்ச்சியைக் காட்டும் பழைய பாலிசி ஷெட்யூல்கள், க்ளெய்ம் விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் மருத்துவக் கேள்விகளுக்கான பதில்களை நீங்களே படித்துப் பாருங்கள். "எல்லாவற்றுக்கும் இல்லைன்னு போட்டாதான் சார் பாஸ் ஆகும்" என்பவரிடம் பாலிசி வாங்காதீர்கள்.

க்ளெய்மைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கப் பழைய நிறுவனத்தால் முடியாது. உங்களை ஏற்க மறுக்கப் புது நிறுவனத்தால் முடியும். ஆகவே புது நிறுவனத்தின் ஏற்பு எழுத்தாக வரும்வரை பழையதைக் கைவிடக் கூடாது; வராவிட்டால் கெடு தேதிக்குள் பழையதையே புதுப்பித்துவிடுங்கள். 5 லட்சத்திலிருந்து 15 லட்சத்துக்கு போர்ட் செய்தால் பழைய 5 லட்சத்துக்கும் அதன் போனஸுக்கும் (க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சேர்ந்த கூடுதல் தொகை) மட்டுமே காத்திருப்பு கழிக்கப்படும். மீதிக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். புது பாலிசிகளுக்கு உள்ள 30 நாள் ஃப்ரீ-லுக் (பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பித் தரும் வசதி) போர்ட் செய்ததற்குப் பல நிறுவனங்களில் கிடையாது. ஆகவே சேரும் முன்பே வாடிக்கையாளர் தகவல் தாளை வாங்கிப் படியுங்கள். வரம்பு, கோ-பே, காத்திருப்பு எல்லாம் அந்தச் சில பக்கங்களுக்குள் வந்துவிடும். உங்கள் ஊரில் நீங்கள் போகும் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் இப்போது ஓடுகிறதா என்றும் கேளுங்கள். இணையதளப் பட்டியல் பழையதாக இருக்கும்.

விலை இப்போது சரியாக இருந்து, திட்டமும் பிடித்திருந்தால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது ஏற்றத்தைத் தள்ளிப்போடும், தள்ளுபடியும் உண்டு. ஆனால் நடுவில் போர்ட் செய்ய முடியாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள், மொத்தமாகக் கட்டியதை மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிக் கழிவில் (1961 சட்டத்தில் பிரிவு 80டி) ஆண்டுவாரியாகப் பிரித்தே காட்ட வேண்டும். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அந்தக் கழிவு கிடையாது.

விதிக்குப் புறம்பான ஏற்றமோ வெட்டோ என்றால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, பிறகு ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசா, அதற்கும் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றி விசாரிப்பார்கள், வக்கீல் வைக்க அனுமதி இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.