எஸ்.பி.சி. தரை: வெயிலில் எழும்பும் அந்த ஒரு மூட்டு

பழைய வீட்டைத் திருத்தும் உறவுக்காரர் ஒருவர் கேட்டதற்காக எழுதுவது. ரெட் ஆக்சைடு தரை வெடித்துப்போன நீள அறைக்கு என்ன போடலாம் என்பது கேள்வி. சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து செய்த பலகைதான் எஸ்.பி.சி. அதன் விவரங்கள் அவருக்கே தெரியும்: 5 மி.மீ. கனம், மேலே தேய்மானம் தாங்கும் 0.5 மி.மீ. உறை (வேர் லேயர்), அடியில் ஒட்டியே வரும் ஃபோம், பலகையோடு பலகை மாட்டிக்கொள்ளும் கிளிக் பூட்டு. அதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். சித்திரை மாதம் மேற்குச் சன்னல் வழியாக வெயில் இறங்கும் இடத்தில் ஒரு மூட்டு கூரை போலத் தூக்கிக்கொண்டு நிற்கும், இருட்டினால் பாதி அமுங்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

எரிச்சல் முழுக்க அந்த மூட்டில்தான். தரை முழுதும் சமமாக இருக்க, ஒரே ஒரு வரிசையில் கட்டைவிரலை இழுத்தால் நகம் தட்டும் அளவு விளிம்பு. துடைக்கும் துணி அங்கே மாட்டும், அழுக்கும் அங்கேதான் சேரும். பலகையில் குறையில்லை, போட்ட விதத்தில்தான் குறை. பி.வி.சி. சூட்டில் நீளும் சரக்கு. சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருப்பதால் எஸ்.பி.சி. குறைவாக நீளும், அவ்வளவுதான். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.04 மி.மீ. என்று அடக்கமாகவே கணக்குப் போடுவோம். 7 மீட்டர் நீள அறை, 20 டிகிரி ஏற்றம்: 5.6 மி.மீ. போவதற்கு இடம் வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான்.

செட்டிநாட்டு வீட்டில் இந்த இடைவெளியைத்தான் ஆட்கள் முழுங்கிவிடுகிறார்கள். காரணமும் இருக்கிறது. பளபளவென்று தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஸ்கர்ட்டிங்குக்கு, அதாவது சந்தை மறைக்கும் சுவரடிப் பட்டிக்கு, ஆணி அடித்தால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். அதனால் வீட்டுக்காரர் ஸ்கர்ட்டிங் வேண்டாம் என்பார். ஸ்கர்ட்டிங் இல்லாமல் 10 மி.மீ. சந்து தெரிந்தால் அசிங்கம் என்று ஆள் பலகையைச் சுவரோடு சுவராக இடித்து வைத்துவிடுவார். போட்ட அன்று பார்க்க அழகுதான். மார்கழியில் போட்டிருந்தால் பங்குனி வரைக்கும் அந்த அழகு இருக்கும்.

அடுத்தது பாரம். இது மிதக்கும் தரை. அடியில் பசை கிடையாது, மொத்தமும் ஒரே விரிப்பாக நகர வேண்டும். ஒரு கோடியில் பழைய இரும்புப் பெட்டி, மறு கோடியில் தேக்கு அலமாரி என்று இரண்டு பக்கமும் மிதித்துக்கொண்டால் நடுவில்தான் தூக்கும். அசைக்க முடியாத இரும்புப் பெட்டி இருந்தால் அதற்கு அடியில் பலகை விடாமல், சுற்றி வெட்டி இடைவெளியோடு நிறுத்த வேண்டும்.

சரிசெய்யத் தரையைப் பிரிக்க வேண்டியதில்லை. தூக்கிய மூட்டிலிருந்து நேர்கோட்டில் போய் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தால், ஒரு தாள்கூட நுழையாத இடம் கிடைக்கும். அங்கே சுவரிலிருந்து 10 மி.மீ. கோடு போட்டு, அதிர்வு பிளேடு உள்ள மல்ட்டி டூலால் பலகையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வட்டக் கட்டர் வேண்டாம். அது சுவருக்குள் போகும். வெட்டின தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, தூக்கிய இடத்தில் அரிசி மூட்டையை ஓர் இரவு வைத்தால் இறங்கிவிடும். சந்தில் கார்க் பட்டியைத் திணிக்கலாம். அமுங்கி விரியும் சரக்கு, ஆணியும் வேண்டாம், சுவரும் பிழைக்கும். பூட்டின் நாக்கு உடைந்திருந்தால் மட்டும் அருகிலுள்ள சுவர்ப் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றி அந்தப் பலகையை மாற்ற வேண்டும். நாக்கு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒட்டிய ஃபோம் இருக்கும்போதே ‘மெத்தென்று இருக்கட்டும்’ என்று அடியில் இன்னொரு ஃபோம் விரிப்பது. கால் வைக்கும்போதெல்லாம் மூட்டு வளைந்து வளைந்து கடைசியில் முறியும்.

போடுவதற்கு முன் 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும். ஈரம் பார்க்க 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ நிறுத்திவிட வேண்டும். எஸ்.பி.சி. தண்ணீரில் கெடாது என்பது உண்மை. ஆனால் ஈரத்தடுப்பு இல்லாத பழைய சுண்ணாம்புத் தளத்தின் ஈரம் மேலே வர வழியில்லாமல் பக்கச் சுவருக்கு ஏறும். ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரின் அடியில் உப்புப் பூத்தால் தரைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

இனி நியாயமாகப் பேச வேண்டும். ஆயா (பாட்டி) நடமாடும் அறைக்கு இதைவிட நல்ல தரை சொல்வது கடினம். ஈரக்காலுக்கு மொசைக் அளவு வழுக்காது, கீழே உட்கார்ந்தால் எலும்பில் குத்தாது, எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் வீடே அதிராது. எண்ணெய் சொட்டினால் ஒரு துடைப்பு. மஞ்சள், மேல் உறையில் கீறல் இல்லாத இடத்தில் நிற்காது. கீறலில் பிடித்தாலும், மூட்டைத் தூக்கிய அதே வெயில் மஞ்சளையும் வெளிறச் செய்துவிடும். கொசுவத்தியைத் தட்டு இல்லாமல் வைத்தால் பழுப்பு வடு, அது போகாது. அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியும் அப்படித்தான்: ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சளாக நிற்கும். சோப்பு, வினிகர், எலுமிச்சை எதற்கும் அசையாது.

நடுவீட்டுக் கோலம் போடுகிற இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். அரைத்த மாவு இதில் இழையாக ஓடாமல் முத்து முத்தாகத் திரளும். காய்ந்த பிறகு, மரம் போலத் தெரிவதற்காக அச்சிட்ட வரிப்பள்ளங்களில் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். பல் துலக்கும் பிரஷ் கொண்டுதான் எடுக்க முடியும். சித்திரை மதியத்தில் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுக்கிற சுகமும் இதில் கிடையாது. செட்டிநாட்டின் வண்ண சிமெண்ட் ஓடான ஆத்தங்குடிக் கல்லின் சில்லிப்புக்கு முன்னால் இது வெறும் பாய்.

அந்தக் கல் நன்றாக இருக்கிற அறையில் இதை நினைக்கவே கூடாது. அதிலும் பசை தடவி ஒட்டும் 2 மி.மீ. வினைலைப் போட்டுப் பிறகு மனம் மாறினால், பசையைச் சுரண்டும்போது கண்ணாடி மேல் வார்த்த வண்ணப் பரப்பும் சேர்ந்து போகும். ஆசிட் ஊற்றினால் வண்ண சிமெண்டே அரித்துவிடும். ரோல் வினைல் வாடகைக்கு விடும் அறைக்குச் சரி. குத்துவிளக்கின் பாதம் பதிந்த வட்டம் அதில் நிரந்தரம்.

இவ்வளவு திட்டிய பிறகும், வெயில் விழாத இரண்டு உள்வீடுகளுக்கும் (உள் அறைகளுக்கும்) இதே பலகைக்குத்தான் சொல்லியிருக்கிறது. இந்தத் தடவை சுவரோரம் 10 மி.மீ. கட்டையை வைத்துக் காட்டாத ஆளுக்கு முன்பணம் கிடையாது. வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து, நிமிர்த்தி வைக்காமல் படுக்கப்போட்டு வையுங்கள். சாய்த்து வைத்த பலகை வளைந்துவிடும், மாற்றும் நாளில் பூட்டில் ஏறாது.