கிலோவா, பர்சூட்டா? பாரா டிராக் சைக்கிளிங்கில் என் ஓட்டு

மாற்றுத்திறனாளிகள் போட்டியிடும் பாராலிம்பிக்கில், பாரா டிராக் சைக்கிளிங்கில் ஒருவர் தனியாக ஓட்டிப் பதக்கம் வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று டைம் டிரையல், அதாவது குறித்த தூரத்தைக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது. ஆண்களுக்கு 1,000 மீட்டர், சுருக்கமாகக் 'கிலோ'. இன்னொன்று பர்சூட், எதிராளியைத் துரத்துவது. ஓட்டுகிறவரின் உடலுக்கு எது நியாயம் செய்கிறது என்று கேட்டால், நான் பர்சூட் பக்கம்.

இரண்டு சக்கர சைக்கிளைத் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு C1 முதல் C5 வரை ஐந்து பிரிவுகள். C1-இல்தான் பாதிப்பு மிக அதிகம். ஆண்கள் கிலோவில் முதல் மூன்று பிரிவுகளும் ஒரே போட்டி. அதனால் கடிகார நேரத்தைப் பிரிவுக்கேற்ற சதவீதத்தால் பெருக்கி முடிவு சொல்கிறார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் அப்படித் தங்கம் வென்ற சீனாவின் லி ஜாங்யு C1 வீரர். கணக்கு இல்லாவிட்டால் C1 வீரர்கள் பாடு திண்டாட்டம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் ஜெயித்தார் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதது எனக்கு உறுத்துகிறது.

பர்சூட்டில் ஆண்களுக்குப் பிரிவுவாரியாகத் தனித்தனிப் பதக்கம். இருவர் டிராக்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கிளம்புவார்கள். டோக்கியோவின் 250 மீட்டர் டிராக்கில் ஆண்களில் C1 முதல் C3 வரை 12 சுற்று, C4, C5-க்கு 16. இறுதிப் போட்டியில் ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. இடது கை முழுதாக வளராமல் பிறந்த சாரா ஸ்டோரி டோக்கியோவில் C5 தங்கத்தை அப்படித்தான் எடுத்தார். பெண்களுக்கு C1–3 பர்சூட்டும் அங்கே ஒன்றாகத்தான் நடந்தது. என் வாதத்தில் அது ஓர் ஓட்டை.

சரி, ஒரே பிரிவு என்றால் ஒரே மாதிரி உடலா? இல்லை. டோக்கியோ C2 பர்சூட் இறுதியில் மோதிய பிரான்சின் அலெக்சாந்தர் லியோத்தேவுக்கு உடலின் ஒரு பக்கம் பாதிப்பு. ஆஸ்திரேலியாவின் டேரன் ஹிக்ஸ் ஒற்றைக் காலால் மிதிப்பவர்.

இங்கேதான் கிளம்பும் கணம் முக்கியமாகிறது. டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கேட் விட்டதும், நின்ற நிலையிலிருந்து அந்தக் கனமான கியரை உருட்ட வேண்டும். இரண்டு கால் உள்ளவர் ஒன்றால் அழுத்தும்போது மற்றது மேலே வரும். ஒற்றைக் காலுக்கு, அழுத்தியதும் அதே காலே பெடலை மேலே இழுத்துவர வேண்டும். பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுழல்வதால், சக்கரம் வேகம் பிடித்தபின் அந்த ஓட்டமே பெடலைத் தூக்கிக் கொடுத்துவிடும். கை இல்லாதவருக்கு ஹேண்டில்பாரை இழுத்து எழும்புவது சிரமம். நான்கே சுற்றில் முடியும் கிலோவில் இந்த இழப்பை ஈடுகட்ட நேரமே இல்லை. பன்னிரண்டு சுற்றில் கொஞ்சமாவது உண்டு.

2012 லண்டனில் பிரிட்டன் வீரர் ஜோடி கண்டி கிலோ தொடங்கும்போது தடுமாறினார். கேட் சரியாக விடவில்லை என்று கெஞ்சியும் மறுவாய்ப்பு கிடைக்கவில்லை. நான்கு வருட உழைப்பு சில நொடிகளில் போனது. ரியோவில் தங்கத்தோடுதான் திரும்பினார்.

இருவர் சேர்ந்து ஓட்டும் டேண்டம் சைக்கிள் என்றால் மட்டும் நான் கிலோ பக்கம். பார்வைக் குறைபாடுள்ளவர் பின்னால், பார்வையுள்ள பைலட் முன்னால். பெருக்கல் கணக்கு எதுவும் இல்லை. டோக்கியோவில் நீல் ஃபாச்சியும் பைலட் மாட் ராதர்ஹாமும் 58.038 நொடியில் முடித்தார்கள், அன்றைய உலக சாதனை. சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர். வளைவில் முன்னால் இருப்பவர் சாயும்போது பின்னால் இருப்பவரும் கூடவே சாய்கிறார், மிதிப்பதை நொடிகூடக் குறைக்காமல்.