சிகு செயலி: கடற்பனியை வேட்டைக்காரர் கண்ணால் பதியும் கருவி

கனடாவின் ஹட்சன் விரிகுடாவில், சானிகிலுவாக் ஊரை மையமாகக் கொண்ட ஆர்க்டிக் ஐடர் சொசைட்டி என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட செயலி இது. அங்குள்ள இனுயிட் பழங்குடியினர் பேசும் இனுக்டிடூட் மொழியில் சிகு என்றால் கடற்பனி, அதாவது உறைந்து கிடக்கும் கடல்நீர்.

இதன் பலமே பதிவுப் படிவம்தான். வேட்டையில் பிடித்த சீலின் (கடல்நாய்) உடலில் கொழுப்பு எப்படி, வயிற்றுக்குள் மீனா இறாலா, படம், இடம் எல்லாம் ஒரே பதிவில் சேரும். கோடையில் வந்துபோகும் ஆய்வுக் கப்பலுக்கு இந்த விவரம் கிடைக்கவே கிடைக்காது. பனி வகைகளுக்கு இனுயிட் பெயர்களையே போடலாம். பதிவின் உரிமை பதிந்தவருக்கே. யார் பார்க்கலாம் என்பதும் அவர் முடிவு. பழங்குடி அறிவைக் கேட்காமல் அள்ளிக்கொண்டு போன ஆய்வுகளுக்கு நடுவே இது பெரிய விஷயம்.

கிளம்புமுன் ஊரிலேயே வரைபடத்தை இறக்கிவிட வேண்டும். பனிமேல் சிக்னல் இராது. பதிவுகள் போனில் தங்கி, திரும்பியதும் ஏறும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போனை உள்சட்டைக்குள் வைப்பது நல்லது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பிப் பனிமேல் வண்டியை விடக்கூடாது: படம் எடுத்த பிறகு நீரோட்டம் பனியைப் பிளந்திருக்கலாம். ஈட்டியால் பனியைக் குத்திப் பார்ப்பதற்கு மாற்று எந்தத் திரையிலும் இல்லை.